1ஐக் கொடுத்த தமிழரசுக் கட்சி 2ஐப் பற்றி ஏன் பேசவில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த 2024 செப்டெம்பர் முதலாம் திகதி ஞாயிற்றுக்கிழமை வவுனியாவில் கூடிய இலங்கைத் தமிழரசுக் கட்சியின் மத்திய குழு, ஜனாதிபதித் தேர்தலில் சஜித் பிரேமதாசவை ஆதரிப்பதாக முடிவெடுத்தது. தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நிற்கும் அரியநேத்திரனுக்கு ஆதரவில்லை, அவர் விலக வேண்டும் என்றும் சொன்னது. அதற்குப் பிறகு இந்தப் பகுதியில் வந்த கடிதங்களை ஒன்று விடாமல் வாசித்தேன். கட்சியின் முன்னணித் தலைவர்களில் ஒருவரான சுமந்திரன் எங்களை விற்றுவிட்டார் என்று ஒரு பக்கம், சங்குக்குப் போடும் வாக்கு வீண் என்று மறு பக்கம். வாக்குச் சீட்டில் 1க்குப் பிறகு 2உம் 3உம் எழுதலாம் என்பதைப் பற்றி எழுதிய ஒருவரையும் காணவில்லை. கட்சி விட்ட பெரிய பிழை அங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். கடிதம் கொஞ்சம் நீளம்தான், வெட்டாமல் போட்டால் நன்றி.

நான் செங்கலடியில் வசிக்கிறேன். அரச எழுதுவினைஞராக வேலை செய்து ஓய்வு பெற்றவள். 1994 ஜனாதிபதித் தேர்தல் தொடக்கம் வாக்களிப்பு நிலையங்களிலும், பிற்காலத்தில் வாக்கெண்ணும் இடத்திலும் கடமை செய்திருக்கிறேன். எங்கள் அப்பா காலத்திலிருந்து எங்களுக்குத் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னம்தான். கட்சிக்குக் கெடுதல் நினைத்து நான் ஒன்றும் எழுதவில்லை.

முதலில் தேர்தல் முறையைச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் சஜித்தா சங்கா என்று பேசிப் பிரயோசனமில்லை. ஜனாதிபதித் தேர்தலில் ஒருவர் வெல்ல வேண்டுமென்றால் செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் எடுக்க வேண்டும். யாரும் எடுக்கவில்லையென்றால் முதல் இரண்டு இடங்களுக்கு வந்தவர்களை வைத்துக்கொண்டு மற்ற எல்லாரையும் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள். பிறகு, நீக்கப்பட்டவர்களுக்கு 1 போட்ட சீட்டுகளை மட்டும் எடுத்து, அவற்றில் 2 யாருக்கு என்று பார்ப்பார்கள். அந்த இருவரில் ஒருவருக்கு 2 இருந்தால் அது அவருடைய கணக்கில் முழு வாக்காகச் சேரும். 2 வேறு யாருக்காவது போடப்பட்டிருந்தால் 3ஐப் பார்ப்பார்கள். 2உம் 3உம் வெறுமையாக இருந்தால் அந்தச் சீட்டு அதோடு முடிந்தது. கடைசியில் யாருக்குக் கூட வாக்கோ அவர் ஜனாதிபதி.

1982 தொடக்கம் 2019 வரை நடந்த 8 ஜனாதிபதித் தேர்தல்களிலும் வென்றவர் முதல் எண்ணிக்கையிலேயே பாதியைத் தாண்டிவிட்டார். 1988இல் ரணசிங்க பிரேமதாச 50.43 வீதம், 2005இல் மகிந்த ராஜபக்ச 50.29 வீதம். மயிரிழைதான், ஆனாலும் தாண்டினார்கள். ஆகவே இரண்டாவது எண்ணிக்கை என்ற ஒன்று இந்த நாட்டில் 2019 வரை நடக்கவில்லை. சனங்களுக்கு 2உம் 3உம் தெரியாமல் போனதற்கு அதுதான் காரணம். வாக்கெண்ணும் மேசையில் நாங்கள்கூட 1ஐப் பார்த்துக் கட்டுக் கட்டிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விடுவோம்.

இந்த முறை அப்படி இருக்காது என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2019இல் தென்னிலங்கை இரண்டாகத்தான் பிரிந்தது. கோட்டாபயவுக்கு 52.25 வீதம், சஜித்துக்கு 41.99 வீதம், மூன்றாவதாக வந்த அநுர குமார திசாநாயக்கவுக்கு 3 வீதம் சொச்சம். அன்றைக்குச் சஜித்துக்குப் பின்னால் ஐக்கிய தேசியக் கட்சி முழுவதும் நின்றது. இன்றைக்கு ரணில் விக்கிரமசிங்கவே எரிவாயுச் சிலிண்டர் சின்னத்தில் தனியாக நிற்கிறார். ராஜபக்ச குடும்பத்தின் மொட்டுக் கட்சியின் அரைவாசி அவரோடு, மிச்சம் நாமல் ராஜபக்சவோடு. 2022 போராட்டத்துக்குப் பிறகு அநுரவின் திசைகாட்டிச் சின்னத்துக்குச் சனம் சேர்கிற வேகத்தைப் பார்த்தால் அந்த 3 வீதக் கணக்கை இனி யாரும் பேச முடியாது. எங்கள் குடும்பத்திலேயே கம்பஸில் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர் திசைகாட்டி என்கிறார்கள். காசில்லை என்று சொல்லி 2023இல் உள்ளூராட்சித் தேர்தலையும் தள்ளிப் போட்டுவிட்டார்கள். 2020க்குப் பிறகு, இந்த ஜனாதிபதித் தேர்தல் வரை, நாடளாவிய தேர்தல் ஒன்றும் நடக்கவில்லை. யாருக்கு எவ்வளவு பலம் என்று மேடையில் கத்துகிறவர்களுக்கே தெரியாது. ஒரு கோடியே 71 இலட்சம் வாக்காளர்கள், களத்தில் மூன்று பெரிய வேட்பாளர்கள். ஒருவர் 50 வீதத்தைத் தாண்டுவது கஷ்டம். முதல் இரண்டு இடமும் அநுரவுக்கும் சஜித்துக்கும் போகும் என்பது என் கணிப்பு.

இப்படிப்பட்ட ஒரு தேர்தல் தமிழ் வாக்காளருக்கு இதற்கு முன் கிடைத்ததே இல்லை. இதுவரை எங்களுக்கு முன்னால் இரண்டு வழிதான் இருந்தன. ஒன்று, தென்னிலங்கையில் யார் குறைந்த கெடுதி என்று பார்த்து வாக்கை அள்ளிக் கொடுப்பது. 2010இல் சரத் பொன்சேகாவுக்குக் கொடுத்தோம். யுத்தத்தை நடத்திய தளபதிக்கு, முள்ளிவாய்க்கால் முடிந்து எட்டே மாதத்தில், மட்டக்களப்பு மாவட்டத்தில் நூற்றுக்கு 68 பேர் வாக்களித்தோம். அந்த நாளில் வரிசையில் நின்ற பெண்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அப்படியும் மகிந்ததான் வென்றார். 2015இல் மைத்திரிபாலவுக்கு எங்கள் மாவட்டத்தில் நூற்றுக்கு 81 பேர் போட்டோம். அவர் வென்றார், புதிய அரசியலமைப்பு என்றார்கள், 2017இல் இடைக்கால அறிக்கை ஒன்று வந்தது, அதற்கு மேல் நகரவில்லை. 2019இல் சஜித்துக்கு நூற்றுக்கு 78 பேர். கோட்டாபய வென்றார், அநுராதபுரத்தில் ருவன்வெலிசாயவில் பதவியேற்று, சிங்கள மக்களின் வாக்கால்தான் தான் வென்றதாகச் சொன்னார்.

மற்ற வழி, ஒதுங்கிக்கொள்வது அல்லது தனியாக நின்று காட்டுவது. 1982இல் குமார் பொன்னம்பலம் நின்றார். அவருக்கு 1 இலட்சத்து 73 ஆயிரத்துக்கு மேல் வாக்குகள் கிடைத்தன. யாழ்ப்பாண மாவட்டத்தில் முதலாவது அவர், எங்கள் மட்டக்களப்பில் ஜே.ஆர். ஜெயவர்த்தனவுக்கு நெருங்கி வந்தார். அடுத்த வருஷம் ஜூலையில் என்ன நடந்தது என்பதை நான் எழுதத் தேவையில்லை. 2005இல் வடக்கில் பகிஷ்கரிப்பு. யாழ்ப்பாண மாவட்டத்தில் 7 இலட்சம் பேர் பதிவாகியிருந்த இடாப்பில் வாக்களித்தது நூற்றுக்கு ஒருவர் அளவில். ரணில் தோற்றது சுமார் 1 இலட்சத்து 80 ஆயிரம் வாக்குகளால். அன்றைக்கு அப்படி நடந்திராவிட்டால் எல்லாம் மாறியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. வாக்குச் சீட்டை வெறுமையாக விடுவதற்கும் ஒரு விளைவு உண்டு, அதை அனுபவித்தவர்கள் நாங்கள் என்பதைத்தான் சொல்கிறேன்.

இந்த இரண்டு வழியையும் ஒரே சீட்டில் சேர்க்கலாம். சங்குக்கு 1, சஜித்துக்கு 2. முதலாவது எண்ணிக்கையில் தமிழர் எத்தனை பேர் தங்கள் கோரிக்கைக்காக வாக்களித்தார்கள் என்ற தொகை மாவட்டம் மாவட்டமாக வெளியே வரும். யாருக்கும் பாதி கிடைக்காமல் இரண்டாவது எண்ணிக்கைக்குப் போனால் அதே சீட்டுச் சஜித்துக்கு முழு வாக்காகப் போய்ச் சேரும். ஒரு வாக்கும் குறையாது. இதைவிட முக்கியமானது பேரம். 1ஐ எங்கள் கையில் வைத்துக்கொண்டு, "2 வேண்டுமென்றால் எழுத்தில் தா" என்று சஜித்திடமும் அநுரவிடமும் ஒரே நேரத்தில் கேட்டிருக்கலாம். தமிழரசுக் கட்சி அதைச் செய்யவில்லை. 1ஐயே எடுத்துக் கொடுத்துவிட்டது. அதற்குப் பதிலாக எழுத்தில் எதை வாங்கியது என்பதை இன்றுவரை எங்களுக்குக் காட்டவில்லை.

திகதிகளைப் பாருங்கள். விஞ்ஞாபனங்கள் வரட்டும், வாசித்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்றது கட்சி. நல்லது, அப்படித்தான் செய்ய வேண்டும். சஜித்தின் விஞ்ஞாபனம் ஓகஸ்ட் 29 வெளிவந்தது. செப்டெம்பர் 1 கட்சியின் முடிவு. செப்டெம்பர் 4 தபால்மூல வாக்களிப்பு ஆரம்பம். இடையில் ஒரு கிராமக் கிளையைக் கூப்பிட்டுக் கேட்க அவகாசம் எங்கே? முடிவெடுத்த கூட்டத்தில் தலைவர் மாவை சேனாதிராசா இருக்கவில்லை. ஜனவரியில் திருகோணமலையில் வாக்கெடுப்பு வைத்து, 137க்கு 184 என்று தலைவராகத் தெரிவு செய்யப்பட்ட சிறீதரனும் இருக்கவில்லை. அந்தத் தெரிவு நீதிமன்றத்தில் நிற்கிறது. இந்த நிலையில் இருக்கிற கட்சி, நின்று நிதானித்து எல்லாரையும் கேட்டல்லவா முடிவெடுத்திருக்க வேண்டும்? நான் கதைத்த ஆசிரியர்கள், தாதிமார் சிலர் 5ஆம், 6ஆம் திகதிகளில் தபால் வாக்கைப் போட்டுவிட்டு வந்தார்கள். கட்சி என்ன சொல்லுது என்று கேட்டால், ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

அப்புறம் அரியநேத்திரன் விடயம். அவர் வேற்றாள் இல்லை. 2004 தொடக்கம் 2015 வரை எங்கள் மாவட்டத்து நாடாளுமன்ற உறுப்பினர், தமிழரசுக் கட்சிக்காரர். சிவில் சமூகப் பிரதிநிதிகளும் ரெலோ, புளொட், ஈ.பி.ஆர்.எல்.எப். முதலிய கட்சிகளும் சேர்ந்து ஓகஸ்ட் 8ஆம் திகதி அவரை அறிவித்தார்கள். கட்சியைக் கேட்காமல் ஒப்புக்கொண்டது பிழை என்று அவரிடம் விளக்கம் கேட்டார்கள். கட்சி ஒழுங்கு என்று பார்த்தால் அது சரிதான். ஆனால் வேட்புமனு கொடுத்து, சங்குச் சின்னம் வந்து, சீட்டும் அச்சாகிவிட்டது. இனி விலகு என்றால் அவருடைய பெயர் சீட்டிலிருந்து மறைந்துவிடுமா? மறையாது. நடக்க முடியாத ஒன்றைத் தீர்மானமாக எழுதி, எங்கள் ஊர்களில் அண்ணன் தம்பியைப் பிரித்ததுதான் மிச்சம். மட்டக்களப்பில் ஏற்கெனவே பிள்ளையானும் வியாழேந்திரனும் ரணிலுக்கு ஆள் சேர்க்கிறார்கள். இந்த மாவட்டத்தில் தமிழர் வாக்கு எத்தனை துண்டாகப் போகிறது என்பதைக் கட்சி யோசித்ததா?

சுமந்திரன் தரப்பு நியாயத்தையும் நான் தள்ளிவிடவில்லை. என்னோடு வேலை செய்த ஒரு தம்பி, கட்சியில் பொறுப்பில் இருப்பவர், இப்படிக் கேட்டார்: "அக்கா, எல்லாரும் சங்குக்கு 1 போட்டு, அதனால சஜித் மூன்றாம் இடத்துக்குப் போயிட்டா, உங்கட 2 யாருக்கு?" நல்ல கேள்வி. முதல் இரண்டு இடத்தைத் தீர்மானிப்பது 1 மட்டும்தான் என்பது உண்மை. ஆனால் சஜித்துக்கும் மூன்றாம் இடத்துக்காரருக்கும் இடையில் நாடு முழுவதிலும் ஒன்றிரண்டு இலட்ச வாக்குத்தான் வித்தியாசம் என்றால் மட்டுமே அந்த ஆபத்து. முஸ்லிம் கட்சித் தலைவர்கள் ஹக்கீமும் ரிஷாத்தும் சஜித்தோடு. மலையகத்தில் மனோ கணேசனும் திகாம்பரமும் அவரோடு. இவ்வளவும் இருந்து, தென்னிலங்கையில் சொந்தப் பலமும் இருந்து, அவர் ரணிலுக்குக் கீழே போவார் என்றால், அவரை வெல்லப் போகிறவர் என்று சொல்லி எங்களிடம் கட்சி வாக்குக் கேட்பதே பொருந்தாது. அதற்கும் வழி இருக்கிறது, 3ஐயும் எழுதிவிடலாம். அந்தத் தம்பிக்கும் இதைத்தான் சொன்னேன். யோசிக்கிறேன் என்று போனார்.

சங்குக்காரரிடமும் எனக்கு மனக்குறை உண்டு. நான் போய் இருந்த கூட்டங்களில் வரலாறு பேசினார்கள், தேசம் பேசினார்கள். சீட்டில் 2ஐ என்ன செய்வது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. 2ஐ ஒரு சிங்களத் தலைவருக்குக் கொடுத்தால் 1இன் புனிதம் கெட்டுவிடும் என்று நினைக்கிறார்களோ தெரியவில்லை. அப்படி நினைத்தால் அது பிழை. 2 எழுதாத சீட்டு இரண்டாவது எண்ணிக்கையில் ஓரமாகக் கிடக்கும். அந்த நேரத்தில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அடுத்த ஐந்து வருஷம் ஜனாதிபதி யார் என்பதை மற்றவர்கள் தீர்மானித்துக்கொண்டிருப்பார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் கஜேந்திரகுமார் பொன்னம்பலத்தின் கட்சி சொல்கிற பகிஷ்கரிப்புக்கும் அதற்கும் அந்தக் கட்டத்தில் வித்தியாசம் இல்லை.

2 ஏன் சஜித்துக்கு, அநுரவுக்கு ஏன் இல்லை என்று எங்கள் வீட்டுப் பிள்ளைகளே கேட்கிறார்கள். திசைகாட்டி விஞ்ஞாபனத்தில் 2015 தொடக்கம் 2019 வரை நடந்த அரசியலமைப்பு வேலையை முடிப்போம், ஒரு வருஷத்துக்குள் மாகாண சபைத் தேர்தல் வைப்போம் என்று இருக்கிறது. அதை வாசித்தேன், நல்ல விடயம். ஆனால் நான் கிழக்கு மாகாணத்துக்காரி. இணைந்திருந்த வடக்கையும் கிழக்கையும் பிரிக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது அநுரவின் கட்சியான ஜே.வி.பி., 2006 ஒக்டோபரில் தீர்ப்பு வாங்கியதும் அவர்கள். சுனாமி அழித்த இந்தக் கரையில் உதவியைச் சேர்ந்து பங்கிடுவதற்கு 2005இல் ஒரு பொதுக் கட்டமைப்பு வந்தபோது, அரசாங்கத்தை விட்டு வெளியேறி எதிர்த்ததும் அவர்கள்தான். அதெல்லாம் பிழை என்று அநுர எங்களிடம் சொல்லட்டும், பிறகு பார்க்கலாம். இளைஞர் வேறு விதமாக நினைத்து 2ஐ அவருக்கு எழுதினால் நான் கோபப்பட மாட்டேன். வெறுமையாக விட்டால்தான் கோபப்படுவேன்.

சஜித்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், அதைச் சொல்லாமல் எங்கள் ஊரில் அவருக்கு வாக்குக் கேட்க முடியாது. நான் இதை எழுதுவது செப்டெம்பர் 8. மூன்று நாளைக்கு முன்தான் வந்தாறுமூலையில் விளக்கேற்றினார்கள். 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், ஒருவரும் திரும்பி வரவில்லை. நாளைக்குச் சத்துருக்கொண்டான் படுகொலை நினைவு நாள். அப்போது ஜனாதிபதியாக இருந்தவர் சஜித்தின் தகப்பனார். தகப்பனின் ஆட்சியில் நடந்ததற்கு மகனைக் குற்றவாளி ஆக்குவது நியாயமில்லை, நான் ஆக்கவும் இல்லை. ஆனால் வவுனியாவில் கூடி முடிவெடுத்தவர்கள், இந்த ஊர்களுக்கு இந்தக் கிழமையில் வந்து, சஜித்தின் சின்னத்தைக் காட்டி, "தொலைபேசிக்கு 1 போடுங்கள்" என்று கேட்பதன் பாரத்தை உணர்ந்தார்களா? காணாமல் போனவரின் மனைவிக்கு இப்போது எழுபது வயது தாண்டிவிட்டது. அவரிடம் போய், முதலில் உங்கள் மனசில் உள்ளதற்கு வாக்களியுங்கள், இரண்டாவதாக இவருக்கு எழுதுங்கள் என்று கேட்டால் அவர் கேட்பார். நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

எழுத்தில் எதைக் கேட்டிருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், பெரிய பட்டியல் என்னிடம் இல்லை. சித்தாண்டியில் வீதி ஓரத்தில் பண்ணையாளர்கள் கொட்டில் போட்டுப் போராடிக்கொண்டு இருக்கிறார்கள். போன வருஷம் செப்டெம்பர் 15 தொடங்கியது, இந்தக் கிழமை போனால் ஒரு வருஷம். மயிலத்தமடுவும் மாதவனையும் எங்கள் மாடுகளின் மேய்ச்சல் தரை. வயல் விதைக்கிற காலத்தில் மாடுகளை அங்கேதான் கொண்டுபோய் விடுவது தலைமுறை வழக்கம். வெளி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் அங்கே காடு வெட்டிப் பயிர் செய்கிறார்கள், மாடுகளுக்குச் சுடுகிறார்கள், வாய்வெடி வைக்கிறார்கள். தாடை சிதறிய மாடு உடனே சாகாது, தின்னவும் முடியாமல் குடிக்கவும் முடியாமல் நாள்கணக்கில் நின்று சாகும். கொழும்பிலிருந்து உத்தரவு போட்டாயிற்று என்று சொன்னார்கள், கொட்டில் இன்னும் வீதியில் இருக்கிறது. மயிலத்தமடுவை மேய்ச்சல் தரையாக வர்த்தமானியில் போடுவேன் என்று ஒரு திகதியோடு சஜித் கையெழுத்து வைத்திருந்தால், கட்சி சொல்லாமலே ஏறாவூர்ப் பற்றில் பாதிப் பேர் அவருக்கு வாக்களிப்பார்கள்.

மற்றது மாகாண சபை. மாகாண சபைகளுக்கு அதிகாரம் கொடுக்கிற 13ஆவது திருத்தத்தை முழுமையாகத் தருவேன் என்று சஜித் ஜூன் மாதம் கிளிநொச்சியில் சொன்னார். பொலிஸ் அதிகாரம் இல்லாத 13ஐத்தான் ரணில் பேசுகிறார், ஆகவே சஜித்தின் பேச்சு ஒரு படி மேல்தான். ஆனால் கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது, வடக்கின் காலம் 2018 ஒக்டோபரில். அன்றிலிருந்து ஆளுநர் ஆட்சிதான். 2017இல் தேர்தல் முறையை மாற்றச் சட்டம் கொண்டுவந்து, எல்லை நிர்ணயம் முடியாமல் எல்லாம் முடங்கிவிட்டது. பழைய முறையில் நடத்தச் சாதாரண பெரும்பான்மையோடு ஒரு திருத்தம் போதும், அதற்குத் தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்தவரே சுமந்திரன்தான். அதற்கு என் நன்றி எப்போதும் உண்டு. அப்படியென்றால் சஜித்திடம், புதிய நாடாளுமன்றத்தில் அந்தத் திருத்தத்தை இன்ன மாதத்துக்குள் நிறைவேற்றுவேன் என்று எழுதி வாங்குவது இவருக்கு எவ்வளவு இலகு! வாங்கியிருந்தால் காட்டுங்கள், நானே வீடு வீடாகக் கொண்டுபோகிறேன்.

இனிச் சனங்களின் நிலையைச் சொல்கிறேன். போன கிழமை எங்கள் பகுதியில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டம் முடிந்த பிறகு, பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு கீறி, ஐந்து சின்னங்களை வரைந்து, விரும்பினபடி வாக்களித்துக் காட்டுங்கள் என்று கொடுத்தேன். யாருக்குப் போட்டார்கள் என்று நான் பார்க்கவில்லை, எப்படிப் போட்டார்கள் என்றுதான் பார்த்தேன். அநேகமாக எல்லாரும் ஒரு புள்ளடி போட்டு மடித்துத் தந்தார்கள். 2 போடலாமே என்றதும் ஒரு அம்மா கேட்டார்: "ரெண்டு போட்டா நம்மட ஒண்டு குறஞ்சி போகும்தானே மகள்?" இன்னொரு பெண் பொதுத் தேர்தலோடு போட்டுக் குழப்பிவிட்டார். அங்கே கட்சிக்கு ஒரு புள்ளடி, பிறகு கீழே இலக்கங்களில் மூன்று விருப்பு வாக்கு. அதே மாதிரி சங்குக்கும் ஒரு புள்ளடி, தொலைபேசிக்கும் ஒரு புள்ளடி போட்டிருந்தார். உண்மையான சீட்டில் அப்படிப் போட்டால் அது கழிவு வாக்கு. வாக்கெண்ணும் மேசையில் அப்படியான சீட்டுகளை எத்தனையோ கண்டிருக்கிறேன். எவ்வளவு தூரம் நடந்து வந்து, வெயிலில் வரிசையில் நின்று போட்ட வாக்காக இருக்கும் அது.

விளக்கிச் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். ஒருவருக்கு மட்டும் வாக்களிப்பதென்றால் 1 என்று எழுதலாம், புள்ளடியும் போடலாம். 2உம் 3உம் எழுதுவதென்றால் மூன்றையும் இலக்கமாகத்தான் எழுத வேண்டும், புள்ளடியை அதோடு கலக்கக் கூடாது. ஒரே இலக்கத்தை இரண்டு பேருக்கு எழுதக் கூடாது. 1 எழுதாமல் 2 மட்டும் எழுதினால் செல்லாது. இவ்வளவுதான். 39 பேரின் பெயரோடு சீட்டு இந்த முறை முழத்துக்கு மேல் நீளம், மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதச் சொல்ல வேண்டும். தேர்தல்கள் ஆணைக்குழுவும் விளக்கம் கொடுக்கிறதுதான். ஆனால் எங்கள் கிராமங்களில் கட்சிக்காரர் வந்து வாசலில் நின்று சொன்னால்தான் அது காதில் ஏறும்.

ஆகவே தமிழரசுக் கட்சியிடம் நான் கேட்பது இதுதான். தீர்மானத்தை வாபஸ் வாங்கச் சொல்லவில்லை, அது இந்த நேரத்தில் நடக்காது என்று தெரியும். சஜித்துக்கு 1 என்று நீங்கள் சொல்வதைச் சொல்லுங்கள். கூடவே, சங்குக்கு 1 போடுகிறவர்கள் 2ஐச் சஜித்துக்கு எழுதுங்கள் என்று ஒரு வசனம் சேர்த்துச் சொல்லுங்கள். சங்குத் தரப்பும் அதே போல, 2ஐ வெறுமையாக விடாதீர்கள் என்று தங்கள் மேடையில் சொல்லட்டும். ஒருவரை ஒருவர் துரோகி என்று பேசாமலே இதைச் செய்யலாம். தேர்தல் நடக்கும் 21ஆம் திகதிக்கு இன்னும் 13 நாள் இருக்கிறது. இன்னும் தபால் வாக்குப் போடாதவர்களுக்கு 11ஆம், 12ஆம் திகதிகளில் மறுபடி அவகாசம் உண்டு.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள், ஆசிரியர் அவர்களே. வரும் ஞாயிறு இதழில் கால் பக்கம் ஒதுக்கி, 1, 2, 3 எழுதிய மாதிரி வாக்குச் சீட்டுப் படம் ஒன்றை, வேட்பாளர் பெயர் எதுவும் இல்லாமல், பெரிய எழுத்தில் போடுங்கள். செல்லுபடியான சீட்டு ஒன்று, செல்லாத சீட்டு ஒன்று, பக்கத்தில் பக்கத்தில். அதை வெட்டி எடுத்து நாங்கள் கடை வாசலிலும் வாசிகசாலையிலும் ஒட்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தமிழரசுக் கட்சி வாக்காளர் ஒருத்தி,
செங்கலடி, மட்டக்களப்பு.
8.9.2024